கண்ணாடி முனாஸின் பார்வைத் தகைமை

இந்தக் கதையை நான் நேரில் காணவில்லை. முனாஸோடு கொழும்புக்குப் போனவரும், நேர்முகப் பரீட்சையன்று கதவருகே நின்றவருமான ஸஜாத் சொல்லக் கேட்டது. ஸஜாத் ஒன்றை இரண்டாக்கிச் சொல்வார், மூன்றாக்க மாட்டார். ஆகவே வாசிப்பவர்கள் எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துக்கொண்டால் உண்மைக்கு மிக அருகில் வந்துவிடலாம்.

கல்முனையில் கடலைப் பார்த்தபடி ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் பெயர் மனித-யானை முரண்பாட்டுத் தணிப்புப் பிராந்திய இணைப்பு அலகு. யானைகள் வருவது இறக்காமத்து வயல்களுக்கு. அலுவலகத்தை அங்கே வைத்தால் யானைகளால் கடமைக்கு இடையூறு ஏற்படும் என்பதால், தீர ஆலோசித்துக் கடற்கரையில் வைத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு யானையும் அலுவலக வளவுக்குள் நுழையவில்லை என்பது ஆண்டறிக்கையில் முதலாவது சாதனையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

அந்த அலகு, யானை நடமாட்ட அவதானிப்பு உதவியாளர் என்ற ஒரேயொரு பதவிக்கு விண்ணப்பம் கோரியது. பட்டம் வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் கீழ் இருக்க வேண்டும். பார்வை 6/6 ஆக இருக்க வேண்டும். அறிவித்தலை அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் பலகைக்குப் போய் வாசிக்கும் வழக்கம் நின்று பல வருடங்களாகின்றன. ஒருவர் போய்ப் படம் எடுப்பார். மற்ற எல்லோரும் வட்ஸ்அப்பில் பார்ப்பார்கள். அப்படித்தான் இந்த அறிவித்தலும் வேலையற்ற பட்டதாரிகள் குழுவுக்கு வந்து சேர்ந்தது. படம் கொஞ்சம் சரிந்திருந்தது. அடியில் நகம் கறுத்த பெருவிரல் ஒன்றும் விழுந்திருந்தது. ஆனாலும் 6/6 என்பது தெளிவாகத் தெரிந்தது. 6/6 என்றால் கண்ணாடிக்காரர்கள் வரத் தேவையில்லை என்று குழுவில் ஒருவர் விளக்கம் எழுதினார். இருபத்தேழு பேர் பெருவிரலை உயர்த்தி ஆமோதித்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது சட்டமானது.

முனாஸ் இறக்காமத்துக்காரர். வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயலை யானை இரண்டு போகம் தொடர்ந்து தின்றிருக்கிறது. வயது முப்பத்து நான்கு வருடமும் ஒன்பது மாதமும். இதைத் தவறவிட்டால் அரசாங்க வேலை என்ற கதை அவருடைய வாழ்க்கையில் முடிந்துவிடும். கண்ணில் மைனஸ் ஐந்து. கண்ணாடியைக் கழற்றினால் யானையையும் வைக்கோல் குவியலையும் அவருக்குப் பிரித்தறிய முடியாது. கண்ணாடி போட்டால் யானையின் வாலில் எத்தனை மயிர் என்று சொல்வார்.

"லேசர் அடிச்சிரு மச்சான்" என்றார் ஸஜாத். "இப்ப எல்லாரும் அடிக்காங்க."

அது உண்மைதான். லேசர் செய்துகொண்டவர்கள் கண்ணாடியோடு ஒரு படமும் இல்லாமல் ஒரு படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேஸ்புக்கில் போடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் வீடு, தளபாடம் எல்லாம் பேசி முடித்த பிறகு மாப்பிள்ளைக்கு லேசரும் கேட்கத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. இதை நான் உறுதிப்படுத்தவில்லை.

கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு பளபளப்பான துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். ஒரு வெள்ளைக்கார ஆணும் பெண்ணும் கடற்கரையில் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். கீழே "பத்து நிமிடத்தில் புதிய வாழ்க்கை" என்று இருந்தது. பழைய வாழ்க்கையை என்ன செய்வது என்று எதுவும் இல்லை.

டொக்டர் கிறிஸ்ரோபர் கல்முனையில் பிறந்தவர். அதனால் அவர் துண்டுப்பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டு நேரடியாகக் கதைத்தார். கண்ணின் முன்பக்கத்துப் படலத்தை லேசரால் செதுக்குவதுதான் வேலை. படலம் மெல்லியதாக இருந்தால் தொடவே கூடாது. ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருந்திருக்க வேண்டும். பிறகு சில மாதங்கள் கண் வறளும், துளி மருந்து விட வேண்டும். இருட்டில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். கண்ணைக் கசக்கவே கூடாது. நெல் சூடடிக்கிற தூசிக்குள் போகக் கூடாது. நாற்பதைத் தாண்டினால் வாசிக்கக் கண்ணாடி எப்படியும் வரும். அதை லேசர் தடுக்காது. செதுக்கியதைத் திருப்பி ஒட்டவும் முடியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணாடி போட்டா உங்களுக்கு நல்லாத் தெரியுது. அப்ப என்னத்துக்குச் செய்றீங்க?"

"வேலைக்கு டொக்டர். கண்ணாடி போட்டவங்கள எடுக்கிறல்ல."

"அப்பிடி எழுத்தில இரிக்கா?"

"எல்லாரும் சொல்றாங்க டொக்டர்."

டொக்டர் எட்டுப் பக்கச் சம்மதப் பத்திரத்தை நீட்டி, வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றார். முனாஸ் கவனமானவர். எட்டுப் பக்கத்தையும் மூன்று தரம் வாசித்தார். புரியாத இடங்களுக்குக் கீழே கோடு போட்டுக் கேட்டார். தன் கண்ணைப் பற்றி இவ்வளவு வாசித்த ஆள் அந்த வாட்டில் வேறு யாரும் இல்லை என்று தாதி பாராட்டினாராம்.

சிகிச்சை நன்றாக முடிந்தது. டொக்டர் சொன்னபடி ஒரு கிழமைக்கு முனாஸ் கண்ணில் தண்ணீர் படவிடவில்லை. தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுத் தடவும் தயம்மும் செய்து தொழுதார். பள்ளியில் இரண்டு பெரியவர்கள், சுகமாக நடமாடுகிற ஆளுக்குத் தண்ணீர் இருக்கும்போது தயம்மும் எதற்கு என்று வாதாடினார்கள். முனாஸ் தலையிடவில்லை. முப்பதடி தூரத்தில் நின்ற அந்த இருவரின் தாடியும் கண்ணாடியில்லாமல் தனித்தனி முடியாகத் தெரிந்த சந்தோஷத்தில் நின்றாராம்.

இருபத்திரண்டாம் நாள் நேர்முகப் பரீட்சை. அலகின் உதவிப் பணிப்பாளர் நேசரட்ணம் நடுவில் இருந்தார். வாசிப்புக் கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கிவிட்டுக் கோவையைப் புரட்டினார். சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. முனாஸ் அதன் கடைசி வரியையும், அதற்குக் கீழே அச்சகத்தின் தொலைபேசி இலக்கத்தையும் வாசித்தார்.

"பார்வை அதி விசேஷம்" என்றார் நேசரட்ணம். பிறகு கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழை எடுத்தார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. முனாஸின் பிரிவில், அதே முதலெழுத்துகளோடு நான்கு முனாஸ்கள் இருக்கிறார்கள். மில் முனாஸ், கடை முனாஸ், சவூதி முனாஸ், கண்ணாடி முனாஸ். முன்பு ஒருமுறை மில் முனாஸுக்கு வந்த நீதிமன்ற அழைப்பாணைக்குச் சவூதி முனாஸ் லீவில் வந்த நேரம் போய் நின்ற சம்பவம் உண்டு. அதிலிருந்து கிராம உத்தியோகத்தர் ஜவுபர் மிகுந்த அவதானமாக இருக்கிறார். லேசருக்கு ஒரு மாதம் முன்பு கொடுத்த சான்றிதழில் அவர் இப்படி எழுதியிருந்தார்: "தடித்த கண்ணாடி அணிந்தவரும் கண்ணாடி முனாஸ் என அறியப்படுபவருமான இவரை நான் ஆறு வருடங்களாக நன்கறிவேன்."

நேசரட்ணம் சான்றிதழைப் பார்த்தார். முனாஸைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்க?"

"லேசர் செஞ்சிட்டன் சேர்."

"அது உங்கட சொந்த விசயம். இதில கண்ணாடி எண்டு இரிக்கி."

"அது நான்தான் சேர்."

"நீங்க சொல்றீங்க. சான்றிதழ் சொல்லல்லயே."

அடையாள அட்டையைக் காட்டினார். அதிலும் மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. நல்லவேளையாகப் பழைய கண்ணாடி சட்டைப் பையில் கிடந்தது. முனாஸ் அதை எடுத்துப் போட்டார். நேசரட்ணத்தின் முகம் மலர்ந்தது.

"இப்ப சரி. ஆள் உறுதி." முகாமைத்துவ உதவியாளர் பஸ்லியாவிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அட்டையைக் காட்டி, "வாசிங்க" என்றார்.

"முதல் வாசிச்சன்தானே சேர்."

"முதல் வாசிச்சவர் யாரெண்டு உறுதியாகல்லயே. இப்ப வாசிங்க."

திருத்தப்பட்ட கண்ணுக்கு மேல் மைனஸ் ஐந்து கண்ணாடி. அட்டை நடுங்கியது. முனாஸ் முதலாவது பெரிய எழுத்தைக்கூடச் சொல்லத் தடுமாறி, கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"கழற்றக் கூடா" என்றார் நேசரட்ணம், மிகுந்த அன்போடு. "கழற்றினா நீங்க நீங்க இல்ல. தம்பி, நான் சொல்றத விளங்குங்க. கண்ணாடியோட நீங்க ஆள் சரி, பார்வை பிழை. கண்ணாடி இல்லாம பார்வை சரி, ஆள் பிழை. ரெண்டும் ஒரே நேரத்தில சரியா இருந்தா நான் இப்பவே கையெழுத்து வெப்பன்."

"சேர், இன்னம் பதினாறு நாள்ள எனக்கு முப்பத்தஞ்சு."

"அதுக்குள்ள புதுச் சான்றிதழ் கொண்டு வாங்க. கதவு திறந்துதான் இரிக்கி."

முனாஸும் ஸஜாத்தும் அன்றே இறக்காமத்துக்குப் போனார்கள். ஜவுபர் வீட்டிலேயே இருந்தார். தேநீர் கொடுத்தார். முனாஸின் முகம் இப்போது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்றார். சான்றிதழ் என்றதும் அவருடைய குரல் மாறியது. நற்சான்றிதழுக்கு ஆளைக் குறைந்தது ஐந்து வருடமாவது தெரிந்திருக்க வேண்டும்.

"கண்ணாடி முனாஸ எனக்கு ஆறு வருசமாத் தெரியும்" என்றார் ஜவுபர். "இந்தா இரிக்கிற முனாஸ எனக்கு இருவத்திரெண்டு நாளாத்தான் தெரியும். இவர் நல்லவரா கெட்டவரா எண்டு நான் எப்பிடி எழுதுற? அஞ்சு வருசம் இப்பிடியே ஒழுங்கா இரிங்க. நானே வந்து தாறன்."

பதினாறு நாள் மூன்று அலுவலகங்களுக்கு நடந்ததில் போனது. ஆஸ்பத்திரிக் கடிதம் கண்களைப் பற்றியது, ஆளைப் பற்றியதல்ல என்றார்கள். பதினேழாம் நாள் அலகு ஒரு பதிவுக் கடிதம் அனுப்பியது. பொருத்தமான விண்ணப்பதாரி கிடைக்காமையினால் பதவி வெற்றிடமாகப் பேணப்படும். அந்தக் கிழமை யானை மறுபடியும் வயலுக்குள் இறங்கியது. விடியக்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய முனாஸ் அதைக் கால் மைல் தூரத்திலிருந்தே கண்டார். கண்ணாடியின்றி, மிகத் தெளிவாக. அறிவிப்பதற்குத்தான் உதவியாளர் எவரும் இல்லை.

ஸஜாத் சொன்னது இவ்வளவுதான். எழுதுவதற்கு முதல் எதையாவது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை அலகுக்குப் போனேன். அறிவித்தல் இன்னும் பலகையில் இருந்தது. அதைக் கழற்றச் சொல்லி எவருக்கும் கடிதம் வரவில்லையாம். 6/6 என்பதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம். தாளின் அடியில் அதே நட்சத்திரத்துக்குரிய வரி: "கண்ணாடி அணிந்த நிலையில் இத்தகைமையை அடைவோரும் விண்ணப்பிக்கலாம்."

இது தெரியுமா என்று நேசரட்ணம் சேரிடம் கேட்டேன். "மேலிடத்தில இருந்து வந்தது தம்பி. ஒட்டச் சொல்லித்தான் கடிதம். வாசிக்கச் சொல்லி இல்ல" என்றார்.

வெளியே வந்து குழுவிலிருந்த பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் இருந்தது. முதலில் யார் போட்ட படம் என்று பார்க்க மேலே தள்ளிக்கொண்டே போனேன். என் பெயர் வந்தது. பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கு மழை. ஒரு கையில் குடை, அக்கரைப்பற்று பஸ்ஸும் வந்துவிட்டது. நானும் கண்ணாடிக்காரன்தான். நான் எடுத்த படத்தை நம்பி நானும் விண்ணப்பிக்கவில்லை.

வான் வண்டிக் கதவில் நசிந்த நகம் அது. நகம் வளர்ந்து கறுப்பு இப்போது முழுதாகப் போய்விட்டது. ஆகவே அந்த விரலுக்குரியவர் நான்தான் என்று எந்த அலுவலகத்தாலும் இனி உறுதிப்படுத்த முடியாது.