சக்கரச் சித்தரின் கறுப்புத் துணி

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு சித்தர் முளைத்திருந்தார். மனிதர்களுக்குக் குறி சொல்லும் தொழிலில் போட்டி ஜாஸ்தி. அதனால் இவர் மோட்டார் சைக்கிளுக்குச் சொன்னார். போன வருஷம்வரை வண்டி கழுவும் கடை வைத்திருந்தவர்தான். ஊரடங்கில் கடை படுத்தது, ஞானம் எழுந்தது.

பொடிப் பெயிண்டைச் சூளையில் உருக்கி ஏற்றிய கறுப்புப் பவுடர் கோட்டிங் சக்கரத்தில் தீர்த்தம் தெளிப்பார். வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்ப்பார். துணி கறுத்தால் வண்டியில் சாவு ஏறியிருக்கிறது. கறுக்காத துணியை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பரிகாரம், வண்டியை அவர் காலடியிலேயே விட்டுவிட்டுப் போவது. விட்ட வண்டிகள் மோட்சம் போயின. மோட்சம் பழைய வண்டிச் சந்தையில் இருந்தது.

அன்று சிக்கியவர் கல்வராயன் மலைக்காரர் தர்மன். மனைவிக்கு நிறைமாதம். இடஒதுக்கீட்டு மறியலால் பஸ் ஓடுமா என்று சொல்ல முடியாது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அந்த ஒரு வண்டிதான். எதற்கும் ஆசி வாங்கலாமென்று வந்தார்.

முன் சக்கரத்தில் துணி கறுத்தது.

"புள்ளத்தாச்சிய இதுல ஏத்தாத. ரெண்டு உசுரு போவும்."

"வேற வண்டி இல்லீங்க சாமி!"

"வண்டி வேணுமா, பொண்டாட்டி வேணுமா?"

"குடுத்துடுப்பா" என்றது மறியலுக்குப் போய்வந்த கூட்டம். அடுத்தவன் வண்டியைக் கொடுப்பதில் கூட்டத்துக்கு எப்போதும் தாராள மனசு. தர்மன் சாவியை உருவினார்.

"இருண்ணே!" செந்தமிழ்ச்செல்வி முன்னே வந்தாள். கள்ளக்குறிச்சி பவுடர் கோட்டிங் பட்டறையில் சூளைச் சூட்டில் எட்டு வருஷமாக வேகிறவள். பழைய வண்டிச் சந்தையிலிருந்து பளபளப்புச் செத்த சக்கரங்கள் வாரத்துக்கு ஏழெட்டு என்று பட்டறைக்கு வரவே, காரணம் பார்க்க வந்திருந்தாள். துணியை மோந்தாள்.

"இன்னா சாமி, தீர்த்தத்துல பெயிண்ட் கரைக்கிற தின்னர் நாத்தம் அடிக்குது?"

"அது மூலிகை!"

"அப்டியா?" பக்கத்தில் நட்டிருந்த பொன்னிறச் சூலத்தை, துணியின் வெள்ளை மூலையில் அதே தீர்த்தம் தொட்டுத் தேய்த்தாள். அதுவும் பவுடர் கோட்டிங்தான். துணி மஞ்சளானது.

"சூலத்துக்கு மஞ்சக்காமாலைடா!" என்று கத்தினார் கரும்பு வெட்டும் பூமாலை.

"பொம்பள தொட்டா தீட்டு. அதான்!" என்றார் சித்தர்.

"அப்ப நீங்க தேய்ங்கண்ணே." பூமாலை தேய்த்தார். இன்னும் மஞ்சள்.

செல்வி ஷாம்புப் பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, பழைய பனியனால் தர்மனின் பின் சக்கரத்தைத் துடைத்தாள். செம்மண் வந்தது. அலசி மறுபடி துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"தின்னரு பட்டா பூச்சு இளகி வரும்ணே. சோப்புத் தண்ணியும் மெத்துன்னு ஒரு துணியும் போதும். இந்தச் சக்கரத்துக்கு ஒண்ணுமில்ல. அண்ணிய இட்டுக்கினு வாங்க."

தர்மன் வண்டியை உதைத்து மலைப் பக்கம் திருப்பினார். சித்தருக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. எழுந்தவரின் காவியைப் பத்துக் கைகள் பிடித்தன.

"அடிக்காதீங்க, ஸ்டேஷன்ல வுடுங்க" என்றாள் செல்வி. "ரோட்டுல ஒக்காந்து கவர்மெண்டையே ஏன்னு கேக்குறீங்க. ஒரு துணிய ஏன்னு கேக்கல. மூக்க இன்னா, வாடகைக்கா வுட்டுட்டீங்க?"