நான்காம் டைரக்டரியில் நாற்பது எண்ணிக்கை

மனித குலம் இதுவரை கண்ட ஒழுங்குகளிலேயே தலைசிறந்த ஒழுங்கு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆலை வாசலில் சாக்கடை ரோட்டின் மேல் ஓடுவது வேறு இலாகா.

இருபது வருடம் உழைத்த பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதிலிருந்த கட்டளைகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றும்போது மாபெரும் கேள்வி ஒன்று எழுந்தது: ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் சொல்லும் மேனுவல் பக்கத்தை எந்த டைரக்டரியில், அதாவது கம்ப்யூட்டருக்குள் எந்த அடுக்கில், வைப்பது?

மேலாளர் சந்திரமோகன் தலைமையில் பதினேழு கூட்டங்கள் நடந்தன. பதினாறில் பஜ்ஜி, பதினேழாவதில் தீர்ப்பு. 'பதவி வரிசை'! மேலாளர் எழுதிய பக்கங்கள் முதல் டைரக்டரியில். இன்ஜினியர்களுக்கு இரண்டு, சூப்பர்வைசர்களுக்கு மூன்று, மிச்சப் பேருக்கு நான்கு. கம்ப்யூட்டர் முதல் டைரக்டரியிலிருந்து வரிசையாகத் தேடிக்கொண்டு வரும். கேட்ட பெயரில் முதலில் அகப்படும் பக்கத்தைக் காட்டிவிட்டுக் கடையைக் கட்டிவிடும்.

நான்காவதில் இருந்தது ஒரே பக்கம். எழுதியவர் பச்சையப்பன், உருளை ஓட்டும் தொழிலாளி. நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவர். 'நிறுத்து' கட்டளைக்கு ஒரு மாதம் மல்லுக்கட்டி அவர் எழுதியது: "நிறுத்து அடித்தாலும் உருளை உடனே நிற்காது. நாற்பது எண்ணு. அப்புறம் கை வை." பழைய பெட்டியில் அந்தக் கட்டளைக்கு அது ஒன்றுதான் இருந்தது.

புதுப் பெட்டிக்காக அதே கட்டளைக்கு சந்திரமோகனும் ஒரு பக்கம் எழுதினார்: "நிறுத்து: இக்கட்டளை நிறுத்தும்." ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

"சார், என்னுத கொஞ்சம் முன்னால வையுங்க சார். புதுசா வர்றவங்க கைய உட்ருவாங்க."

"மேனேஜர் டைரக்டரில லேபர் பக்கத்த வெச்சா, ஆடிட்ல நான் இன்னான்னு பதில் சொல்றது பச்சையப்பா?"

"கை போனா இன்னான்னு சொல்லுவீங்க?"

"அதுக்குத் தனி ஃபாரம் கீதுய்யா."

பச்சையப்பனுக்கு மனசு குளிர்ந்தது. எவ்வளவு முன்யோசனை!

திங்கட்கிழமை பொன்னேரியிலிருந்து குணசுந்தரி என்ற பெண் வேலைக்கு வந்தாள். பத்து மணிக்கு உருளையில் கம்பி சிக்கியது. அவள் பொறுப்பானவள், மேனுவலைக் கேட்டாள். 'நிறுத்தும்' என்றது முதல் டைரக்டரி. கட்டளையை அடித்தாள், எழுந்து போனாள், கையை நீட்டினாள்.

"ஏம்மா! கைய எடு! எடும்மா!" பச்சையப்பன் போட்ட கூச்சல் ரயில்வே கேட் வரை கேட்டது.

அவள் வெடுக்கென்று இழுத்தாள். கையுறை மட்டும் உள்ளே போய், அந்தப் பக்கம் அப்பளமாக வந்து விழுந்தது.

"இன்னாண்ணா, நிறுத்தும்னு போட்டுக்கீதே?" அவள் திரையைக் காட்டினாள்.

"போட்டவரு கை வெச்சுப் பார்த்ததில்லமா."

விசாரணை நடந்தது. பச்சையப்பனுக்கு மெமோ. அதை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'டைரக்டரி ஒழுங்கை மீறி, வாய்வழியாக விளக்கம் வழங்கிய குற்றம்.'

குணசுந்தரி விடவில்லை. "நாப்பது எண்ணச் சொல்ற பக்கத்த முதல்ல வெச்சுடுங்க சார்."

சந்திரமோகன் விதிப் புத்தகத்தைக் கனிவோடு புரட்டினார்.

"வெக்கலாம்மா, தாராளமா வெக்கலாம். ஒரு விபத்து நடந்தா, அது சம்பந்தப்பட்ட பக்கத்த முதல் டைரக்டரிக்கு மாத்தலாம்னே விதி கீது." பச்சையப்பனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இந்த ஆளுதான் அத நடக்கவுடாம பண்ணிட்டாரே!"