மாமனார் காருக்கு நல்ல காற்று

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் தன்னை அறிவாளி என்று காட்டிக்கொள்ளாத மாப்பிள்ளை கிடையாது. பெரும்பாலானவர்கள் அரசியல் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் காரில் கை வைத்தேன்.

2008 வாக்கில் நடந்தது. என் மச்சினி வித்யாவுக்கு சிதம்பரத்தில் வரன் அமைந்து, அங்கேயே ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அதற்குள் கடலூரில் இருந்த மாமனாரின் பழைய காரை சர்வீஸ் செய்ய வேண்டும் என்றதும் நான் முந்திக்கொண்டேன். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்துப்போயிருந்தது. மெக்கானிக் கம்பெனி ஃபில்டரையே எடுத்து நீட்டினார். பெட்டிக்குள் மடித்து வைத்த வெறும் காகிதம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்கள் எந்த ஃபில்டர் நல்லது என்று இணையத்தில் போட்ட சண்டையை எல்லாம் படித்தவன் அதற்குச் சம்மதிப்பேனா? (பாதி புரியவில்லை. புரியாத பாதியைத்தான் அதிகம் நம்பினேன்.)

புதுச்சேரிக்குப் போய், சிவப்பாகக் கூம்பு மாதிரி ஒன்றை வாங்கி வந்தேன். இதற்குப் பெட்டியே கிடையாது. முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாகத் தொங்கியபடி, நேராக வெளிக்காற்றை இழுக்கும்.

"கம்பெனிக்காரன் போட்டதே நல்லாத்தான மாப்ள ஓடுச்சு?" என்றார் மாமனார்.

"மூக்க அடைச்சிக்கிட்டு ஓட முடியுமா மாமா? வண்டிக்கு நல்ல காத்து வேணும்."

அவர் பெண்ணைக் கொடுத்துவிட்ட பாவத்துக்கு, சாவியையும் கொடுத்தார். மாட்டி முடித்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். எனக்கு சிங்கம் உறுமுவதுபோல் இருந்தது. என் மனைவி, ஆஸ்துமா வந்த மாதிரி இருக்கிறது என்றாள்.

நிச்சயதார்த்தம் அன்று ஐப்பசி மழை. மாமனார், மாமியார், பட்டுப்புடவையில் வித்யா, என் மனைவி, பின்னால் தாம்பாளத் தட்டுகள். புதுச்சத்திரம் பக்கம் சாலையில் தண்ணீர் தேங்கி நின்றது. சற்று நின்று பார்த்துப் போகலாம் என்றார் மாமனார். பவர் ஜாஸ்தியாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே விட்டேன்.

நல்ல காற்றுக்காகத் தொங்கிய ஃபில்டர், நல்ல தண்ணீராகப் பார்த்து உறிஞ்சியது. ஒரு 'டக்'. அவ்வளவுதான், இன்ஜின் நின்றது. திரும்பக் கிளம்பவே இல்லை. சிதம்பரத்திலிருந்து போன்மேல் போன். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வித்யா அழவில்லை, என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் தேவலை.

கடலூரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பரங்கிப்பேட்டை மீன் வண்டி ஒன்றுதான் நின்றது. பெண்ணும் மாமியாரும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். பின்னால் மீன் கூடைகளுக்கு நடுவே, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, தட்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி மாமனார். பக்கத்தில் நானும் மனைவியும்.

மாப்பிள்ளை வீட்டார் சுத்த சைவம் என்பது மண்டபத்து வாசலில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நாதஸ்வரம் ஒரு நொடி தடுமாறியது. மாப்பிள்ளையின் பெரியப்பா மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"வழியில எங்கனா கருவாட்டுக் கடையில எறங்குனீங்களா?"

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை இறக்கிவிட்டு, நிதானமாக என்னைக் காட்டினார்.

"எங்க மூத்த மாப்ள, நல்ல காத்து வேணும்னாரு."

முதலில் சிரித்தது புது மாப்பிள்ளை. அதைப் பார்த்து வித்யாவும் சிரித்துவிட்டாள். பெரியப்பா சாம்பிராணி போடச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்தார். நிச்சயதார்த்தம் நடந்தது, காருக்கு இன்ஜின் வேலை அதைவிட நீண்ட நாள் நடந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் பூஜைக்கு முதல் அழைப்பு எனக்குத்தான். ஆனால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டும்வரை என்னைத் தெருமுனையில் நிற்கவைத்துவிடுவார்கள். அங்கிருந்தே வித்யாவின் குரல் கேட்கும்:

"பானெட்ட மூடியாச்சா? அப்ப மாமாவ வரச் சொல்லுங்க."