எங்கே இறங்குவீர்கள், பிரின்சிபல் சார்?

உவமை ஒரு கெட்ட பழக்கம், புகையிலை மாதிரி. வாயில் அடக்கிக்கொண்டால் துப்பும்வரை நிம்மதி கிடையாது. நான் பட்ட அவமானங்களில் பாதி உவமையால் வந்தவை. மீதி, அந்த உவமையை விளக்கப் போய் வந்தவை.

மும்பை செம்பூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டாம் மாடியில் நீளமான வாசிப்புக்கூடம். ஜன்னல் வழியே கடற்காற்று வருகிறது என்று நெகிழ்ந்துபோயிருந்தேன். (அது கேன்டீன் புகைபோக்கியிலிருந்து வந்த காற்று. வடாபாவ் வாசனையை வைத்தாவது கண்டுபிடித்திருக்கலாம்.) மாணவர்களும் வருவார்கள், போனுக்குச் சார்ஜ் போட. புத்தகங்கள் அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

பிரின்சிபல் ஒருநாள் கூப்பிட்டார். மாட்டுங்காவில் வளர்ந்து, தொலைதூர டோம்பிவிலியில் ஃபிளாட் வாங்கி, தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கி வந்துபோகிறவர்.

"பாருங்கோ, பசங்க ஜிம் கேக்கறா. வெள்ளிக்கிழமை ஃபர்ஸ்ட் இயருக்கு லைப்ரரி ஓரியன்டேஷன் குடுக்கறேள் இல்லையா? நானும் வரேன். அவாளுக்கு இந்த ஹால் வேணும்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா பாதிய ஜிம்முக்குக் குடுத்துடுவேன்."

பாதிக் கூடம்! அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து உரை எழுதினேன். 'நூலகம் மௌனத்தின் கடல். ஒவ்வொரு புத்தகமும் அதில் உறங்கும் ஒரு சங்கு.' மனைவி செல்விக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தாராவிக்காரி. சப்பாத்தி தேய்த்தபடியே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சார்ஜு போட வந்த புள்ள, இந்தச் சங்க வச்சி என்ன செய்யும்?"

ரசனை இல்லாதவள் என்று தீர்மானித்துக்கொண்டு தூங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை. கூடம் நிறைந்திருந்தது (வருகைப்பதிவு உண்டு என்று அறிவித்திருந்தோம்). ஆங்கிலமும் இந்தியும் கலந்து கடலை விரித்தேன். சங்கு வந்தபோது முதல் வரிசைப் பையன் ஒருவன் மேசைமேல் தலைசாய்த்து, தானே ஒரு சங்காகியிருந்தான். பிரின்சிபல் என்னைப் பார்க்கவில்லை. டிரெட்மில் எங்கே வைக்கலாம் என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முத்துலட்சுமி, பி.காம். என் இந்தியைக் கேட்டே என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள் போல. நேரே தமிழில் கேட்டாள்.

"சார், எக்னாமிக்ஸ் புக்கு எங்க கெடக்கு? அத மட்டும் சொல்லுங்க. டிரெயினுக்கு நேரமாச்சு."

டிரெயின்! கடல் வற்றியது. எனக்குள் ஒரு தண்டவாளம் பளிச்சிட்டது.

"இந்த நூலகம்தான் ஹார்பர் லைன்!" என்று எங்கள் லோக்கல் ரயில் தடத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "புத்தக முதுகில் இருக்கும் எண்தான் ஸ்டேஷன். பூஜ்யத்தில் ஏறினால் சி.எஸ்.டி. முந்நூறு வடாலா, பொருளாதாரம் அங்கே. ஐந்நூறு குர்லா, விஞ்ஞானம். வரலாறு பன்வேல், கடைசி ஸ்டேஷன்!"

சங்குப் பையன் விழித்துவிட்டான். "சார், ஃபாஸ்ட்டா ஸ்லோவா?"

"ஹார்பர்ல ஏதுலே ஃபாஸ்ட்டு!" என்றாள் முத்துலட்சுமி. கூடம் சிரித்தது. வேலைக்குச் சேர்ந்தபின் நான் அங்கே கேட்ட முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் புத்தி பேதலித்துவிட்டது.

எங்கள் ரேக்குகள் தரையில் பதித்த தண்டவாளத்தில் நகர்பவை. பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு சந்து திறக்கும், பக்கத்துச் சந்து மூடும். "வடாலா இதோ!" என்று சுற்றிக் காட்டினேன். உள்ளே ஆள் இருந்தால் போடவேண்டிய பூட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

டிரெயின் நிஜமாகவே ஓடுகிறது என்று தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடிவந்தது. ஒருவன் வண்டியோட்டும் மோட்டார்மேன். ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு "அக்லா ஸ்டேஷன், குர்லா" என்று அடுத்த ஸ்டேஷனை அறிவித்தாள். குர்லா திறந்தது. வடாலா மூடியது. தூசி தட்டியிருக்கிறதா என்று பார்க்க வடாலாவுக்குள் போயிருந்தார் பிரின்சிபல்.

"அரே, ருக்கோ! ருக்கோ!" என்று உள்ளிருந்து ஒரு குரல். மும்பைக் கூட்டத்தில் 'நிறுத்து' என்ற குரலுக்கு யார் நின்றிருக்கிறார்கள்?

"அந்தர் சலோ, அங்கிள்! அந்தர் பகுத் ஜகா ஹை!" என்றான் மோட்டார்மேன். உள்ளே நிறைய இடம் இருக்கிறதாம், தள்ளிப் போகவேண்டுமாம்.

புத்தகங்களுக்கு மேலே வழுக்கைத் தலை தெரிந்தது. பாய்ந்துபோய்ச் சக்கரத்தைத் திருகினேன், தப்பான திசையில். அது அப்படியே இறுகிக்கொண்டது.

"சார்! அடி பட்டுதா சார்?"

"காலம்பற இதைவிட நெருக்கத்துல வரேன் ஓய். தொறக்கற வழியப் பாரும்." முன்பக்கம் பையை அணைத்து, மூச்சை உள்ளிழுத்து, பக்கவாட்டில் திரும்பி நிற்கும் டோம்பிவிலிக் கலை அவரைக் காப்பாற்றியிருந்தது.

மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து ரேக்கைத் தள்ளினார்கள். உள்ளே சத்தமே இல்லை. மயங்கிவிட்டாரோ? ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன். (அதிலும் ஓர் உவமை வந்தது.)

ரேக் நகர்ந்தது. அவர் அதே பக்கவாட்டு நிலையில், மூக்கருகே ஒரு பொருளாதாரப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி தேடிய புத்தகம் அதுதான். அவள் யோசிக்கவே இல்லை. தினமும் டிரெயினில் கேட்பதைக் கேட்டுவிட்டாள்.

"எங்க எறங்குவீங்க, சார்?"

(உட்கார்ந்திருப்பவரிடம் இப்படிக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றால், அவர் இறங்கியதும் சீட் உங்களுடையது. ரசீதோ கையெழுத்தோ கிடையாது. எங்கள் ஊர் லோக்கல் அந்த ஒரு கேள்வியை நம்பி ஓடுகிறது.)

கூடம் உறைந்தது. நான் வர்ணித்த மௌனத்தின் கடல் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

பிரின்சிபல் அவளைப் பார்த்தார். புத்தகத்தில் விட்ட பக்கத்தைப் பார்த்தார்.

"டோம்பிவிலி," என்றார். பிறகு, "சரி, நில்லு. இந்த சாப்டர் முடியட்டும், குர்லாவுலயே எறங்கிடறேன்."

கூரை பிய்ந்துவிடும்போல் சிரித்தார்கள். அவள் நிஜமாகவே பக்கத்தில் நின்றாள். அவர் நிஜமாகவே அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. சக்கரங்களுக்குச் சிவப்புப் பூட்டு வந்தது. ஜிம் மொட்டைமாடிக்குப் போனது. ரேக்குகளில் யாரோ சாக்பீஸால் எழுதிய ஸ்டேஷன் பெயர்களை நான் அழிக்கவில்லை. அழிந்தால் ஒவ்வொரு புது வகுப்பும் மறுபடி எழுதிவிடுகிறது. தனக்கு வேண்டிய புத்தகம் இன்னொருவர் கையில் இருந்தால் "கஹாங் உத்ரேகா?" என்று அதே கேள்வியை இந்தியில் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் கைக்குக் கிடைத்த வேறொன்றைப் பிரிக்கிறார்கள். அதற்கும் இன்னொருவர் வந்து நிற்கிறார். மாலை வெயில் மேசைகளில் சாயும்போது அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டுக்கொண்டே நிற்பேன். உவமை எதுவும் தோன்றாமல் நான் நிற்பது அங்கே மட்டும்தான்.

வீட்டில்தான் மானம் போகிறது. செம்பூர் ஃபிளாட்டில் ஒரே பாத்ரூம். காலையில் நான் செய்தித்தாளோடு உள்ளே போனால் மகள் கதவைத் தட்டுகிறாள்.

"அப்பா, எங்க எறங்குவீங்க?"

சமையலறையிலிருந்து செல்வியின் குரல் வரும்.

"ஏட்டி, அது டோம்பிவிலி வண்டி. உள்ள சங்கு உறங்குது, எழுப்பாத!"