உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதற்குள் தொலைபேசியில் புலம்பியிருப்பாய்.

ஒரு பெட்டி நிறையக் கைக்கடிகாரம் சேர்த்து வைத்திருப்பவள், எண்கூட இல்லாத இன்னொன்றை எதற்காக வாங்குகிறாள்? வெள்ளை முகம், இரண்டு முள், ஒரு கறுப்பு வார், அவ்வளவுதான். விலையும் நாங்கள் இருவரும் ஒருநாள் வெளியே சாப்பிடும் செலவுதான். உன் அத்தானுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் கையசைவில் சாவி ஏறும் கடிகாரங்களுக்காக ஒரு சுழலும் பெட்டி வைத்திருக்கிறேன் அல்லவா, பழக்கதோஷத்தில் இதையும் அதற்குள் மாட்டிவிட்டேன். காலையில் பார்த்துவிட்டார்.

"இது யாரு, புதுசா ராட்டினம் சுத்துறாரு?"

"பேட்டரி வாட்ச்."

"அப்ப எதுக்குச் சுத்துது?"

அகப்பட்டேன். உடனே விதி வந்தது: ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். துணி அலமாரியில் ஒரு தட்டு முழுவதையும் கடிகாரங்கள் பிடித்துக்கொண்டபோது நானே ஒப்புக்கொண்ட விதி. "இதெல்லாம் ஒரு வாட்சே இல்லைங்க" என்று வாதாடிப் பார்த்தேன்.

"மணி காட்டுதா?"

"காட்டுது."

"அப்ப மத்ததுதான் வாட்ச் இல்ல."

அதில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். பிறை காட்டும் கடிகாரம் பிறையை மட்டும் சரியாகக் காட்டுகிறது, தங்க முலாம் பூசியது மத்தியானத்துக்குள் களைத்துவிடுகிறது, சதுர முகத்துக்காரி நின்றே போய்விட்டாள், ஆனால் அவள் நிற்கும் அழகுக்கே அனுப்ப மனம் வரவில்லை. இத்தனை பேரையும் இந்தப் புதியதைப் பார்த்துத்தான் தினமும் திருத்துகிறேன். கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் புள்ளியியல்காரி என் கையைத் திருப்பிப் பார்த்து, "எண்ணெல்லாம் தனியா வாங்கணுமாக்கா?" என்றாள். எனக்கு அது பிடித்திருக்கிறது, அதை அவளிடம் விளக்குவானேன்?

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வரை கெடு கொடுத்திருக்கிறார். ஆகவே நீ வருடக்கணக்காகக் கண் வைத்திருக்கும் அந்த நீல முகத்து முக்குளிப்புக் கடிகாரம், நீந்தவே தெரியாத உனக்கே. துடைத்து எடுத்து வைத்தேன், திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஞாயிறு காலையில் வந்து, நான் சமையலறையில் இருக்கும்போது சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடு.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவிக்கு அன்பு. உன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள அவளும் வரட்டும்.

உன் அக்கா

பி.கு.: இதை நேற்றே தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் அத்தானின் கைபேசி உயிரை விட்டது. அலுவலகத்தில் முக்கியமான கூட்டம். மேசைமேல் இருந்த என் வெள்ளைக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடினார். மாலை வந்தும் கழற்றவில்லை. "கட்டியிருக்கிறதே தெரியல. இது என்கிட்டயே இருக்கட்டுமே" என்றார். அப்படியானால் ஒன்று வெளியே போய்விட்டது, விதி நிறைவேறிவிட்டது என்றேன். ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். நீலக் கடிகாரம் என் கையில்தான் இருக்கிறது. முன்னே ஓடுகிறதா பின்னே ஓடுகிறதா என்றுதான் தெரியவில்லை. அவரைத்தான் மணி கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும் ஒவ்வொரு தடவையும் சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுத்தான் சொல்கிறார்.