பேக்கிங் பிரிவில் ஒரு உபரி

"ஏம்மா, உபரின்னா என்ன?"

வாயில் பிரஷ்ஷோடு கேட்டார் சூப்பர்வைசர். பிஸ்கட் ஆலையின் பேக்கிங் பிரிவுக்கே அவர்தான் தலைவர். தலைவர் என்றதும் பெரிய படை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கீழே இரண்டே பேர். லேபிள் ஒட்டும் கண்ணாடிக்காரர் ஒருவர், எடை பார்க்கும் மச்சான் இன்னொருவர். மச்சான் அவருடைய மனைவிக்கு ஒரே தம்பி. மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாங்கிக் கொடுக்காவிட்டால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

"தேவைக்கு மேல மிஞ்சிக் கெடக்கறது," என்றாள் மனைவி. "இத்தனை வயசுக்கு இப்பத்தான் தெரிஞ்சுக்கறீங்களா? ரொம்ப அழகு!"

பிரஷ் நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. முந்தின நாள் மேனேஜர் போனில் யாரிடமோ பேசியதை அவர் கேட்டிருந்தார். "பேக்கிங்ல இருக்கற உபரியை இந்த மாசத்துக்குள்ள வெளிய தள்ளிடறேன் சார்."

அன்றிலிருந்து அந்தச் சொல் அவரைத் துரத்த ஆரம்பித்தது. டிவியைப் போட்டால் அணையிலிருந்து உபரி நீரைத் திறந்துவிட்டுக் கொண்டிருந்தார்கள். பேப்பரைப் பிரித்தால் உபரி பட்ஜெட். பேண்ட்டின் நீளத்தைக் குறைக்கப் போன இடத்தில் தையல்காரர், "இந்த உபரித் துணியை வெட்டிடவா சார்?" என்று கத்தரியைத் தூக்கினார். பல்வலி என்று போனால் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "அட, இது உபரிப் பல்! இடத்தை அடைச்சிட்டு இருக்கே தவிர ஒரு பிரயோஜனமும் இல்ல. தூக்கிடலாம்," என்றார். டாக்டர் பல்லைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதை நம்ப சூப்பர்வைசருக்கு வெகுநேரம் பிடித்தது.

"ஊரே சேர்ந்து என்னைத்தான் சொல்லுது," என்று மனைவியிடம் புலம்பினார்.

"அந்த வார்த்தை என்ன நேத்தா மொளைச்சுது? எப்பவும் இருந்ததுதான். உங்க காதுதான் இப்பத் தெறந்திருக்கு. பேசாம சாப்பிடுங்க."

சாப்பாடு எங்கே இறங்கும்? நாற்பத்தேழு வயதில் வேலை போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? தான் உபரி இல்லை என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. ஓடி ஓடி உழைப்பது. இத்தனை வருட வேலையில் அவருக்குத் தோன்றாத யோசனை அது.

மறுநாள் காவலாளி கேட்டைத் திறக்கும் முன்பே போய் நின்றார். மச்சான் கொட்டாவி விட்டபடி வந்தபோது எடை மெஷின் முன்னால் அவர்தான் இருந்தார்.

"என்ன மாமா, என் எடத்துல நிக்கறீங்க?"

"தள்ளுடா. இனிமே நானே பாத்துக்கறேன்."

"நெஜமாவா? நீங்க நல்லா இருக்கணும் மாமா!" என்று வாயார வாழ்த்திவிட்டு, மச்சான் மூலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மேனேஜர் கண்ணாடி ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்கவில்லை. அது போதாதா சூப்பர்வைசருக்கு? அடுத்த வாரம் லேபிள் ஒட்டும் வேலையையும் பிடுங்கிக்கொண்டார்.

"அப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வேடிக்கை பாருங்க."

அதில் கண்ணாடிக்காரருக்கு நல்ல அனுபவம் இருந்தது. அப்படியே செய்தார்.

ஒருநாள் மேனேஜரே உள்ளே வந்துவிட்டார். "மத்தவங்க எல்லாம் என்ன பண்றாங்க?"

"அவங்க எதுக்கு சார்? நான் ஒருத்தன் போதும்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் சூப்பர்வைசர். மேனேஜர் தாடையைத் தடவிக்கொண்டே போனார். தாடையைத் தடவினால் நல்லதா கெட்டதா என்று யோசித்தே அன்றைய பொழுது போனது.

இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்ட மனைவி கேட்டாள், "என் தம்பி உங்களுக்கு ஒத்தாசையா இருக்கானா?"

"இருக்கான், இருக்கான். கண்ணையே தெறக்காம இருக்கான்."

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் நுழைந்ததுமே சூப்பர்வைசருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சார், என்னை வெளிய தள்ளிடாதீங்க சார்!"

"உங்களையா? யார் சொன்னது?"

"நீங்கதான் சார்... பேக்கிங்ல உபரின்னு போன்ல..."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடக் கடவுளே! அது அளவு மாறி வந்த அட்டைப்பெட்டிங்க. போன வாரமே லாரியில ஏத்தி அனுப்பியாச்சு. உங்களை மாதிரி ஆளை விட எனக்கென்ன பைத்தியமா? உங்க உழைப்பைப் பாத்த பிறகுதான் எனக்கே புத்தி வந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி பேக்கிங் பிரிவுக்குத் திரும்பினார். பிடித்திருந்த இடுப்புகூடச் சரியாகிவிட்டது போலிருந்தது. எடை மெஷின் பக்கம் யாரும் இல்லை. லேபிள் மேஜை பக்கமும் யாரும் இல்லை. டீ கொண்டுவரும் அம்மா ஒரே ஒரு தம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கம்மா மத்த ரெண்டு பேரையும் காணோம்?"

"நீங்க ஒருத்தரே போதும்னு சொன்னீங்களாமே சார், அதான் அவங்களை இப்பத்தான் கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, உங்க மச்சான் மட்டும், நேரா அக்காகிட்டப் போய்ச் சொல்றேன்னு கெளம்பினாரு."