ஹோய் ஆன் ஆற்றங்கரையில் இரண்டு முத்தம்

என் மாமனாரின் கண் முன்னாலேயே என் மாமியாருக்கு இரண்டு முத்தம் கொடுத்தவன் நான். (தொடவில்லை. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான்.) அப்போது அவர் எனக்கு மாமனாரும் இல்லை, அவர் மனைவி மாமியாரும் இல்லை. ஆவார்களா மாட்டார்களா என்பதை முடிவு செய்யத்தான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

நான் பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பபேடான் பேட்டைக்காரன். தேன்மொழி திருச்சிக்காரி. சொந்தக்காரர் ஒருவர் மூலம் வந்த வரன். எட்டு மாதம் போனில் பேசிப் பேசி எங்களுக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. அவளுடைய அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "பர்மாவுல வளர்ந்த பையன். பழக்கவழக்கம் எப்படின்னு நேர்ல பாக்காம பொண்ணு தரமாட்டேன்" என்று நின்றார். யாங்கோனுக்கு வரவும் பயம். அந்தச் சமயம் அவர்கள் குடும்பத்தோடு வியட்நாமுக்கு பேக்கேஜ் டூர் கிளம்பினார்கள். ஹோய் ஆன் என்ற பழைய ஆற்றங்கரை ஊரில் ஒரு மத்தியானம் அவர்களுக்கு ஓய்வு. அங்கே வந்து முகத்தைக் காட்டச் சொன்னார்கள்.

காட்டப் போனேன். இருப்பதிலேயே மலிவான டிக்கெட். பெட்டிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள் என்று மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். ஹோய் ஆனில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டில். (தேன்மொழியிடம் 'ஹோட்டல்' என்று சொல்லியிருந்தேன். கட்டிலுக்குத் திரை இருந்தது, அதனால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது.)

ஊர் அழகுதான். மஞ்சள் சுவர்கள், வாசலுக்கு வாசல் பட்டு விளக்குகள். விளக்குத் தெருவில் நாலு பேர் சாப்பிட்டால் என் கதை முடிந்துவிடும். "இங்க கூட்டமா இருக்கு, அமைதியா பேசலாம் வாங்க" என்று ஆற்றோரம் பிளாஸ்டிக் முக்காலி போட்ட ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். தலைமையாசிரியர் உட்கார்ந்ததும் அவர் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரே நிம்மதி. எங்கள் ஊர் டீக்கடையிலும் இதே முக்காலிதான், வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அதுதான் வினை.

வேலை, சம்பளம், கோயில் குளம் எல்லாவற்றிலும் பாஸாகிவிட்டேன். நூடுல்ஸ் வந்தது. தலைமையாசிரியருக்குக் காரம் போதவில்லை, மிளகாய் வேண்டும். கையைத் தூக்கி 'எக்ஸ்கியூஸ் மீ' என்றார். கடைக்காரப் பெண் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

"நீங்க கூப்பிடுங்க தம்பி. உங்க பக்கத்து ஆளுங்கதானே" என்றார்.

(பர்மாவுக்கும் வியட்நாமுக்கும் நடுவில் வேறு நாடுகள் இருக்கின்றன. பெண் கேட்க வந்த இடத்தில் பூகோளம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.)

கூப்பிட்டேன். யாங்கோன் டீக்கடையில் ஆளை எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி. உதட்டைக் குவித்து 'இச், இச்' என்று, அடுப்புவரை கேட்கும்படி. எங்கள் ஊரில் பல்லுப் போன கிழவர் முதல் ஆபீஸ் அதிகாரி வரை டீக்கு இப்படித்தான் குரல் கொடுப்பார்கள். அதற்கு வேறு ஊர்களில் வேறு அர்த்தம் இருப்பது அந்த நிமிடம் எனக்கு நினைவில் இல்லை.

அடுப்புக்கும் எனக்கும் நடுவில், நேர் எதிரே, தேன்மொழியின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அவர் கையில் நூடுல்ஸ் பாதியில் நின்றது. ஆற்றில் ஒரு படகு போனது. நாலு பேரும் அதைக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தோம்.

"தம்பி, இப்ப என்ன பண்ணீங்க?" வகுப்பறைக் குரல்.

"கூப்பிட்டேன் ஐயா."

"யாரை?"

"மிளகாய்க்கு ஐயா. எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுவாங்க."

"எந்த ஊர்லயும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டார். "சரோஜா, கிளம்பு."

எட்டு மாதமும் அந்த முக்காலியிலேயே முடியப்போகிறது என்று புரிந்தது. தேன்மொழி இல்லாமல் எப்படி ஊர் திரும்புவது என்றே தெரியவில்லை.

தேன்மொழிதான் வாயைத் திறந்தாள். "அப்பா, இவங்க அம்மாகிட்டயே கேட்டுடுங்க. இவங்க ஒரு வார்த்தை பேச வேணாம்." என் போனைப் பிடுங்கி, வீடியோ கால் போட்டு, அப்பாவிடம் கொடுத்தாள். கன்னத்தில் தனக்கா என்ற பர்மா மரப்பட்டைப் பூச்சோடு என் அம்மா திரையில் வந்தார்.

"வணக்கம்மா. ஒரே ஒரு கேள்வி. உங்க ஊர் டீக்கடையில ஆளை எப்படிக் கூப்பிடுவீங்க?"

ஏதோ சம்பந்தி வீட்டுப் பரீட்சை என்று மட்டும் அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. முந்தானையைச் சரிசெய்துகொண்டார். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தலைமையாசிரியருக்கு நேராகக் கொடுத்தார். மூன்று. மரியாதைக்கு ஒன்று கூடுதல்.

"இப்படித்தாங்க. காதுல விழலன்னா இன்னும் சத்தமா குடுக்கணும்."

தலைமையாசிரியர் போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது சரோஜா அம்மாதான். முக்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். "இது சொல்லிக் குடுத்து வர்றது இல்லங்க. இந்தக் குடும்பத்துக்குப் பொய் சொல்ல வராது. பேசி முடிங்க" என்றார்.

முடித்தார்கள். (மிளகாய் கடைசிவரை வரவில்லை.)

கல்யாணமாகி நாலு வருஷமாகிறது. மாமா இப்போதெல்லாம் திருச்சி வீட்டு ஹாலில் பேப்பர் படித்தபடி காப்பி கேட்க வாயைத் திறப்பதில்லை. 'இச், இச்' தான். "முப்பத்திநாலு வருஷமா ஒண்ணு குடுத்ததில்ல மனுசன். இப்பக் காப்பிக்காகவாவது குடுக்கிறாரு" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன். காப்பி ஆற்றித் தயாராகக் கையில் இருக்கிறது. ஹாலிலிருந்து முதல் சத்தம் வந்தது, அத்தை அசையவில்லை. இரண்டாவதும் வரட்டும் என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.